வட துருவக் கடலில் வருமுன் காத்தல்

அண்மையில் ஒரு தோட்டத்தின் மண்டபத்தில் உலகச் செய்திகளைப் பற்றி நாம் விளக்கவுரை ஆற்றிக்கொண்டிருந்தோம். வட துருவத்தை ஒட்டிய நடுக்கடலில் வாணிக நோக்கில் மீன் பிடிப்பதில்லை எனப் பத்துத் தரப்பினர் உடன்பாடு செய்துகொண்டுள்ளனர் என்றும், அவர்களுள் சீனா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று ஆசிய நாடுகளும் அடங்கும் என்றும் கூறினோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த, பால் வெட்டிலேயே தலைநரைத்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“ஐயா, அந்த நடுக்கடலில் இதுவரை யாராவது மீன்பிடித் தொழில் செய்திருக்கிறார்களா?” என்று வினவினார்.

“இல்லை” என்றோம்.

“பிடிக்கும் அளவுக்கு அங்கே மீன் இருக்கிறதா?”

“அதுவும் இன்னும் முழுமையாகத் தெரியவில்லை” என்றோம்.

“யாரும் பிடிக்காத கடலில், உண்டோ இல்லையோ என்று தெரியாத மீனுக்கு, இத்தனை நாடுகள் கூடி ஒப்பந்தம் எதற்கு ஐயா?” என்று அவர் கேட்டதும் மண்டபமே சிரித்தது.

அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடியே அக்கேள்விக்குரிய விடையில்தான் அடங்கியுள்ளது. அன்று நேரக் குறைவினால் சுருக்கமாகச் சொன்னதை ஈண்டு விரிவாக எழுதுகிறோம்.

பனிக்கட்டி மூடிய கடல்

உலக உருண்டையின் உச்சியில் ஆர்க்டிக் பெருங்கடல் உள்ளது. தென் துருவத்தில் பனி மூடிய நிலம் இருக்கிறது. வட துருவத்திலோ நிலம் இல்லை. அங்கே இருப்பது கடலும், அக்கடல் நீரே உறைந்து மிதக்கும் பனிக்கட்டியுமே ஆகும். அக்கடலைச் சுற்றிலும் ரஷ்யா, நார்வே, டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்து, கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் ஆகியவை அமைந்துள்ளன.

பன்னெடுங்காலமாக அக்கடலின் நடுப்பகுதி ஆண்டு முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டே கிடந்தது. கப்பல் செல்ல வழியில்லை. வலை வீசவும் வழியில்லை. பனிக்கட்டியே அக்கடலுக்குக் கதவாகவும் பூட்டாகவும் இருந்தது எனலாம். அந்தப் பூட்டு இப்பொழுது தளர்ந்து வருகிறது. துணைக்கோள்கள் அப்பனிப்பரப்பைத் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கிய 1979ஆம் ஆண்டில், கோடை முடியும் செப்டம்பர் திங்களில் சுமார் 7 மில்லியன் சதுர கிலோமீட்டர் பரப்பில் பனிக்கட்டி எஞ்சியிருந்தது. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் அது சுமார் 3.4 மில்லியன் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் உலகின் வெப்பம் உயர்ந்து வருவதே இதற்குத் தலையாய காரணம் என்பது அறிவியலறிஞர்களின் முடிவு.

கதவு திறந்தால் உள்ளே நுழைய ஆள் வருவர் அன்றோ? கடல் வெதும்பும்போது தெற்கேயுள்ள மீன்கள் குளிர்ந்த நீரைத் தேடி வடக்கே நகரக்கூடும். மீன் சென்றால் அதன் பின்னே படகும் செல்லும். இதுவே கவலைக்குத் தொடக்கம்.

எவருக்கும் உரிமையில்லாத நடுக்கடல்

ஒரு நாட்டின் கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வரை உள்ள கடலின் மீன் வளத்தின்மீது அந்த நாட்டிற்கு உரிமை உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை இதனை வரையறுத்துள்ளது. அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது பொதுக்கடல். பொதுக்கடலில் மீன் பிடிக்க எல்லா நாட்டினருக்கும் உரிமை உண்டு. மீன் வளத்தைப் பேணுவதில் ஒத்துழைக்கும் கடமையும் உண்டு.

ஆர்க்டிக் கடலைச் சூழ்ந்த ஐந்து நாடுகளின் எல்லைகளையும் வரைந்து பார்த்தால், நடுவே எவருக்கும் சேராத ஒரு பெரும்பரப்பு எஞ்சுகிறது. அதன் அளவு ஏறத்தாழ 2.8 மில்லியன் சதுர கிலோமீட்டர். நமது மலேசியாவின் நிலப்பரப்பைப்போல் அது எட்டு மடங்கிற்கும் மேற்பட்டது. அங்கே எந்த நாட்டுக் கப்பலும் வலை வீசலாம். தடுக்கச் சட்டம் இல்லை. அதன் பெரும்பகுதியில் கட்டுப்படுத்த அமைப்பும் இல்லை. ஒப்பந்தம் ஏற்படுவதற்கு முன்னர் இருந்த நிலைமை இதுவே.

வடைத் துளையில் நேர்ந்த கேடு

இத்தகைய பொதுக்கடலில் கட்டுப்பாடு இல்லையேல் என்ன நேரும் என்பதை உலகம் ஒருமுறை கண்டுவிட்டது. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே பெரிங் கடல் உள்ளது. அங்கே இரு நாடுகளின் 200 கடல் மைல் எல்லைகளுக்கும் நடுவில் ஒரு பொதுக்கடல் துண்டு அகப்பட்டுக் கிடக்கிறது. நாற்புறமும் உரிமையுள்ள கடல். நடுவில் உரிமையில்லாத துளை. நமது உளுந்து வடையைப் போன்ற வடிவிலுள்ள மேனாட்டுப் பலகாரம் ஒன்றின் பெயரால் அமெரிக்கர் அதனை ‘டோனட் துளை’ என்று அழைக்கின்றனர். நாம் ‘வடைத் துளை’ என்றே அழைக்கலாம்.

அங்கே போலாக் என்னும் மீன் மிகுந்திருந்தது. அந்த மீனின் சதையை அரைத்துத்தான் ஜப்பானியர் ‘கமபோக்கோ’ என்னும் மீன் பலகாரத்தைச் செய்கின்றனர். நமது பேரங்காடிகளில் நண்டின் நிறமூட்டி விற்கப்படும் மீன் குச்சிகள் பலவற்றிற்கும் அதுவே மூலப்பொருள்.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தத்தம் 200 மைல் எல்லைக்குள் அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியதும், ஜப்பான், தென் கொரியா, சீனா, போலந்து, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் பெருங்கப்பல்கள் 1980களின் நடுவில் அந்தத் துளையில் வந்து குவிந்தன. 1989ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 1.4 மில்லியன் டன் மீன் பிடிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1992இல், கிடைத்த மீன் ஏறத்தாழ 10,000 டன் மட்டுமே. நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட நிறையவில்லை.

அதன் பின்னரே நாடுகள் கூடிப் பேசின. 1993இல் அங்கே மீன்பிடிப்பை நிறுத்தின. 1994இல் சீனா, ஜப்பான், தென் கொரியா, போலந்து, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தின. மீன் வளம் 1.67 மில்லியன் டன்னைத் தாண்டினால் மீண்டும் பிடிக்கலாம் என்று அதில் விதித்தனர். அந்த அளவை மீன் வளம் இன்றுவரை எட்டவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வடைத் துளையில் வாணிக மீன்பிடிப்பு நடைபெறவேயில்லை. நல்ல உடன்படிக்கைதான்; ஆனால் மீன் போன பிறகு வந்த உடன்படிக்கை.

இந்தப் பட்டறிவே ஆர்க்டிக் ஒப்பந்தத்தின் ஆசான். கெட்ட பின் பேசியவர்களுள் பலர், இம்முறை கெடுவதற்கு முன்னரே பேச முன்வந்தனர்.

அளந்து பார்த்தே உளி வைத்தல்

தோட்டத்தில் நாம் நாள்தோறும் காணும் ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். இரப்பர்க் கன்றை நட்டவுடன் எவரும் உளியை எடுத்துக்கொண்டு போவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். அதன் பிறகும் கண்ணால் பார்த்து வெட்டுவதில்லை. நாடாவைக் கொண்டு அடிமரத்தின் சுற்றளவை அளக்கிறோம். சுமார் 50 சென்டிமீட்டர் தேறிய மரத்திலேதான் முதல் வெட்டு விழுகிறது. தேறாத மரத்தை அடுத்த அளவைக்கு விட்டுவிடுகிறோம். இளமரத்தை அவசரப்பட்டு வெட்டினால் மரம் பெருக்காது, பாலும் நிலைக்காது. முதிர்ந்த மரத்தையும் ஓய்வின்றி வெட்டி, பால் கூடுதலாக வடிய மருந்தையும் அளவின்றிப் பூசினால், ஒரு நாள் பட்டை காய்ந்து மங்கு வெறுமையாகவே நிற்கும்.

இப்பொழுது இரு தோட்டங்களின் எல்லையில், எவர் கணக்கிலும் சேராத மரம் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். அதற்கு யார் ஓய்வு கொடுப்பார்? ‘நான் வெட்டாவிட்டால் அடுத்தவன் வெட்டிவிடுவான்’ என்று இரு பக்கத்தாரும் வெட்டுவர். மரம் பட்டுப்போகும். இரு பக்கத்தாரும் கெட்டவர்கள் என்பதற்காக அன்று; இருவரும் கூடிப் பேசவில்லை என்பதற்காகவே அந்த மரம் சாகும். பொதுக்கடலின் நிலையும் இதுவே ஆகும்.

ஐவரும் ஐவரும் அமர்ந்து பேசினர்

2009ஆம் ஆண்டில் அமெரிக்கா அலாஸ்காவின் வடக்கேயுள்ள தன் ஆர்க்டிக் கடற்பகுதியில் வாணிக மீன்பிடிப்பை நிறுத்தி வைத்தது. போதிய ஆய்வு இல்லை என்பதே அதற்குக் கூறிய காரணம். 2012ஆம் ஆண்டில் உலகெங்குமுள்ள 2,000க்கும் மேற்பட்ட அறிவியலறிஞர்கள், நடுக்கடலுக்கும் இதே முறை வேண்டும் என்று கோரிப் பகிரங்கக் கடிதம் எழுதினர். கரையோர நாடுகளான அமெரிக்கா, கனடா, ரஷ்யா, நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்தும் 2015ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் ஆஸ்லோ நகரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டன. கட்டுப்பாடும் ஆய்வும் இன்றித் தம் கப்பல்களை அந்தப் பொதுக்கடலுக்கு அனுப்புவதில்லை என்பது அதன் சாரம்.

ஆயினும் ஐந்து நாடுகள் தங்கள் கையைக் கட்டிக்கொண்டால் போதுமா? பொதுக்கடல் அனைவருக்கும் பொது. தொலைதூரக் கடல்களுக்குச் சென்று மீன் பிடிக்கும் ஆற்றல் வாய்ந்த சீனாவும் ஜப்பானும் தென் கொரியாவும் இணங்காவிடில் அந்த அறிவிப்பு வெறுங்காகிதமே. ஐவர் எழுதியதை ஏனையோர் ஏற்றே ஆகவேண்டும் எனக் கட்டாயப்படுத்தவும் இயலாது. எனவே அந்த மூன்று ஆசிய நாடுகளையும், ஐஸ்லாந்தையும், ஐரோப்பிய ஒன்றியத்தையும் பேச்சுக்கு அழைத்தனர்.

2015 டிசம்பரில் வாஷிங்டனில் முதற்கூட்டம் நடைபெற்றது. ஈராண்டுகள் ஊர் ஊராகக் கூடிப் பேசினர். ஆர்க்டிக் கரையோரத்தில் பன்னெடுங்காலமாக வாழும் இனுவிட் மக்களின் பிரதிநிதிகளும் பேச்சில் பங்குகொண்டனர். 2017 நவம்பர் 30ஆம் நாள் உடன்பாடு எட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் கிரீன்லாந்தின் இலுலிசாட் என்னும் ஊரில் பத்துத் தரப்பினரும் கையொப்பமிட்டனர். பத்துத் தரப்பினரும் தத்தம் நாட்டு முறைப்படி உறுதி செய்தால் மட்டுமே ஒப்பந்தம் செயலுக்கு வரும் என்பது விதி. இறுதியாக உறுதி செய்த நாடு சீனா. அதன்பின் 2021ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வட துருவத்தைக் காக்கும் ஓலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஓர் ஆசிய நாட்டின் கை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

ஒப்பந்தம் கூறுவது யாது?

இவ்வொப்பந்தத்தின் முதன்மையான கூறுகளை எளிமையாகத் தருகிறோம்.

முதலாவது: அந்தப் பொதுக்கடலில் மீன் வளத்தைப் பேணும் முறையான ஏற்பாடு அமையும்வரை எந்தத் தரப்பினரும் தம் கப்பல்களுக்கு அங்கே வாணிக மீன்பிடிப்புக்கு இசைவு வழங்கலாகாது.

இரண்டாவது: அனைவரும் சேர்ந்து ஆய்வு நடத்தவேண்டும். என்னென்ன மீன்கள் உள்ளன, எவ்வளவு உள்ளன, எவற்றைத் தின்று வாழ்கின்றன, எவை அவற்றைத் தின்கின்றன என்பவற்றைக் கண்டறிந்து, விவரங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளவேண்டும். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்துள்ள அறிவையும் இந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது: ஆய்வின் பெயரைச் சொல்லிப் பெருமளவில் மீன் பிடித்துவிடாதவாறு, சோதனைப் பிடிப்புக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது.

நான்காவது: முக்கியமான முடிவுகளைப் பெரும்பான்மை வாக்கினால் எடுப்பதில்லை, எவரும் மறுப்புக் கூறாத நிலையிலேயே எடுப்பர். பெரிய நாடு சிறிய நாட்டை மிதித்துச் செல்ல இதனால் இயலாது.

ஐந்தாவது: ஒப்பந்தத்தின் காலம் தொடக்கத்தில் 16 ஆண்டுகள். 2037ஆம் ஆண்டில் அக்காலம் முடிவுறும். எந்தத் தரப்பினரும் மறுப்புத் தெரிவிக்காவிடில் ஐந்தைந்து ஆண்டுகளாக அது நீடிக்கும்.

பனிக்கடியில் கண்டது

2019ஆம் ஆண்டிலிருந்து 2020ஆம் ஆண்டுவரை, ‘போலார்ஸ்டெர்ன்’ என்னும் ஜெர்மானிய ஆய்வுக் கப்பல் பனிக்கட்டியோடு உறைந்து நின்று, அது மிதந்து சென்ற வழியெல்லாம் உடன் சென்றது. அப்பயணத்தில் ஒலியலைக் கருவிகளைக் கொண்டும் தூண்டிலைக் கொண்டும் கடலின் ஆழத்தை ஆராய்ந்தனர். அங்கே சிறுமீன்களும் கணவாய்களும் மிகச் சிறிதளவே இருப்பதைக் கண்டனர். அட்லாண்டிக் கடலைச் சேர்ந்த காட் மீன்கள் சிலவும் அகப்பட்டன. 2022ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. தாம் ஆராய்ந்த பகுதியில் வாணிகத்திற்கு ஏற்ற அளவில் மீன் இல்லை என்பதே அவர்களின் கருத்து.

அங்ஙனமாயின் ஒப்பந்தம் வீணா? அன்று. சிறிதளவே உள்ள செல்வம்தான் விரைவில் அழியும். வட கடலில் துருவக் காட் என்னும் சிறிய மீன் ஒன்று உண்டு. அதனைத் தின்று சீல்களும் வெண்திமிங்கிலங்களும் கடற்பறவைகளும் வாழ்கின்றன. சீல்களைத் தின்று பனிக்கரடி வாழ்கிறது. சீல்களையும் மீன்களையும் நம்பிக் கரையோர மக்கள் வாழ்கின்றனர். அடியிலுள்ள ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் ஆட்டங்காணும்.

குறைகளும் உண்டு

ஒப்பந்தத்தைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் உண்மையை முழுமையாகச் சொன்னவர்களாகமாட்டோம். இது மீன்பிடிப்பை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கப்பல் போக்குவரத்தையோ, கடலடிக் கனிமங்களையோ, எண்ணெயையோ பற்றி இதில் விதியில்லை. கையொப்பமிடாத நாடுகளை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. 2037க்குப் பின் ஒரே ஒரு தரப்பினர் மறுத்தாலும் நீட்டிப்பு இல்லை. மேலும், மீன்பிடிப்பை நிறுத்தினாலும் பனி உருகுவது நிற்காது.

நாடுகளின் நட்பும் எப்பொழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆர்க்டிக் நாடுகள் எட்டும் சேர்ந்து 1996இல் அமைத்த ஆர்க்டிக் மன்றத்தின் பணிகள், ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்ததை அடுத்து 2022ஆம் ஆண்டு மார்ச்சு திங்களில் இடைநிறுத்தப்பட்டன. ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் மீன்பிடி ஒப்பந்தத்தின் முதல் மாநாடு தென் கொரியாவின் இஞ்சோன் நகரில் நடைபெற்றது. வட துருவத்தைப் பற்றிய மாநாடு ஆசியத் துறைமுக நகரில் கூடியது காலத்தின் மாறுதலைக் காட்டுகிறது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மலேசியா இவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பன்று. எனினும் துருவங்களைப் பற்றிய அக்கறை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1982ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர், தென் துருவக் கண்டம் ஒரு சில நாடுகளுக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது என்று குரல் எழுப்பினார். பின்னர் நம் அறிவியலறிஞர்கள் அங்கே ஆய்வுக்குச் சென்றனர்; 2011ஆம் ஆண்டில் மலேசியா அண்டார்க்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. அண்டை நாடான சிங்கப்பூரும் இந்தியாவும் சீனா, ஜப்பான், தென் கொரியாவுடன் 2013ஆம் ஆண்டில் ஆர்க்டிக் மன்றத்தின் பார்வையாளர் தகுதியைப் பெற்றன. பனி காணாத நாடுகளும் பனிக்கடலைப் பற்றிப் பேச உரிமையுண்டு என்பதை உலகம் ஏற்று வருகிறது.

அதனினும் முக்கியமானது, இந்த நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம். மலாக்கா நீரிணையின் மீனும் எல்லைக்கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை. தோட்டத்தின் ஓரத்து ஆறும் பல ஊர்களைக் கடந்துதான் ஓடுகிறது. மேல்புறத்தார் நஞ்சைக் கலந்து மீன் பிடித்தால் கீழ்ப்புறத்தாருக்கு மீனும் இல்லை, நீரும் இல்லை. பொதுவான பொருளைக் காப்பதற்கு, அதனைப் பயன்படுத்தக்கூடிய அனைவரும் ஒரே பாயில் அமர்ந்து பேசவேண்டும். கேடு வருவதற்கு முன்னரே பேசவேண்டும்.

பெரியவரின் கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். வடைத் துளையில் மீன் பெருகியிருந்தபோது நிறுத்தச் சொன்னால் எவரும் செவிசாய்க்கவில்லை. கப்பல் வாங்கியவனுக்குக் கடன் இருந்தது, வலை இழுத்தவனுக்குக் கூலி இருந்தது. வட துருவ நடுக்கடலிலோ இன்னும் எவருடைய பிழைப்பும் அந்த மீனை நம்பி இல்லை. ஆதலால் எவருடைய சோற்றிலும் கைவைக்காமல் ‘பொறுத்திரு’ என்று சொல்ல இயன்றது. யாரும் மீன் பிடிக்கத் தொடங்காத காலமே ஒப்பந்தத்திற்கு ஏற்ற காலம்.

மரம் தேறிவிட்டதா என்று அளந்து பார்க்கும் நாடா இப்பொழுது பத்துத் தரப்பினரின் கையிலும் இருக்கிறது. அளவை முடியுமுன் உளியை எடுக்கமாட்டோம் என்று அவர்கள் வாக்களித்துள்ளனர். 2037ஆம் ஆண்டில் அந்த வாக்கு புதுப்பிக்கப்படுமா என்பதை, இன்று தோட்டப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் வளர்ந்து நின்று காண்பர். அவர்களுக்கு இந்தக் கடலைப் பற்றி இப்பொழுதே சொல்லிவைப்போமாக.